வெள்ளிக்கிழமை அடக்கம்

மஹியாவ,
கண்டி.
10.03.2024

அன்புள்ள கலா,

நீ போய் இன்றோடு பதினெட்டு நாள். நீயும் தொரையும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, படுத்து எழும்புகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இங்கே நான் இருக்கிறேன்.

அத்தையின் கருமாதி முடிந்து மூன்றாம் நாள் காலையில் கமரா பையைத் தோளில் மாட்டி, நாய் தொரையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு படியிறங்கினாய். மேசையில் ஒரு துண்டு கிடந்தது. ‘போனில் பேச மாட்டேன். சொல்ல ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.’ கீழே குச்சவெளி விலாசம். நான் போனில் எடுத்துப் பார்த்தேன், சொன்னதைச் செய்கிற ஆள்தான் நீ. ஆகையால் எழுதுகிறேன். மாநகர சபையில் இருபத்திரண்டு வருஷமாக ‘தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது’ என்று எழுதிய கை இது. மனைவிக்கு எழுத உட்கார்ந்தால் எனது இலக்கம், உமது இலக்கம் போட வேண்டும்போல இருக்கிறது.

நேற்று அஸ்ஃபர் தன்னுடைய ஸ்டூடியோக் கடையிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மார்கழியில் நீ பிரிண்ட் போடக் கொடுத்த படங்கள். தெல்தோட்டையிலும் தெல்தெனியாப் பக்கத்திலும் எடுத்தவை. இருபத்திமூன்று உறைகள், ஒவ்வொன்றிலும் உன் எழுத்தில் பேரும் தோட்டத்து லய வீட்டு இலக்கமும். “தங்கச்சி வந்து எடுப்பாங்கன்னு வச்சிருந்தேன், அவங்க வாற மாதிரித் தெரியல்லயே” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எல்லாவற்றையும் தபாலில் போட்டுவிடட்டுமா?

குச்சவெளியில் உன் படம் எடுக்கிற வேலை மாசியோடு முடியும் என்றுதான் சொன்னார்கள். முடிந்துவிட்டது. பிறகும் ஏன் அங்கே? நான் சண்டைக்குக் கேட்கவில்லை. பின்னேரம் கந்தோர் விட்டு வந்து கதவைத் திறந்தால் வீடு அப்படியே கிடக்கிறது, அதனால் கேட்கிறேன்.

எப்போது வருகிறாய்?

உன்
கிருஷ்ணராஜ்

~

குச்சவெளி.
24.03.2024

திரு. கிருஷ்ணராஜ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது.

போனில் ஏன் பேச மாட்டேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். போனைக் காதில் வைத்தால் அந்த வெள்ளிக்கிழமை மாலை ஆறு பத்துக்கு நீங்கள் பேசியதுதான் கேட்கிறது. “கலா, அத்தை போயிட்டாங்க. எல்லாம் முடிஞ்சிது.” அம்மா செத்ததையும் அம்மாவைப் புதைத்ததையும் ஒரே மூச்சில் கேட்ட மகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அன்று காலையிலிருந்து எனக்குக் கோல் எடுத்துப் பார்த்து லைன் கிடைக்கவில்லை என்றீர்கள். அது உங்கள் பிழை இல்லை. நான் இருந்த இடம் அப்படி. ஆனால் ஒரு நாள் வைத்திருக்கலாமே. அடுத்த நாள் சனிக்கிழமை, சனிக்கிழமையில் பிணம் எடுத்தால் இன்னொரு ஆளையும் கூட்டிக்கொண்டு போய்விடும் என்று தோட்டத்தில் பயப்படுவார்கள், எனக்குத் தெரியாதா? அதற்குத்தானே பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்புகிறார்கள். அப்பாவைச் சனிக்கிழமைதான் எடுத்தோம். கட்டித்தான் எடுத்தோம். அந்த வீட்டில் ஆம்பிளை என்று நீங்கள் ஒருவர்தான். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தோட்டத் தலைவர் மறுத்திருக்க மாட்டார். ஒரு கோழிக்குஞ்சு. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

படங்களைத் தபாலில் போட வேண்டாம். ஹந்தானை மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது வெள்ளைக்காரர்கள் அம்மாவை எத்தனை ஆயிரம் படம் எடுத்திருப்பார்கள். கூடையோடு நில், சிரி, தலையைத் திருப்பு. முப்பது வருஷத்தில் ஒருத்தன்கூட ஒரு படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. நான் கமரா வாங்கும்வரைக்கும் அம்மாவிடம் இருந்தது அடையாள அட்டைப் படம் மட்டும். அதனால்தான் நான் எடுத்த படத்தை அதில் இருக்கிற ஆளின் கையில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இதைக் கல்யாணமான வருஷமே உங்களிடம் சொன்னேன், நீங்கள் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தீர்கள். பெட்டியை அஸ்ஃபரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தொரைக்குக் கடலைப் பிடிக்கவில்லை. அலை வர வர நின்று குரைக்கிறான், அலை போனதும் தான் துரத்திவிட்டதாக நினைத்து என்னைப் பார்க்கிறான். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரர் ஆஸியா உம்மா, “நாய் வாசல் தாண்டப்படாது புள்ள” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நானும் அவனும் பின்பக்க அறையில் இருக்கிறோம். அறைக்கு வெளியே மீன் தலை தவறாமல் வந்துவிடுகிறது. ஏன் இந்தப் பேர் என்று கேட்டார். அம்மா தன் காலமெல்லாம் தோட்டத்துத் தொரைமாரிடம் ஏச்சு வாங்கியவர், நாய்க்குத் தொரை என்று பேர் வைத்து மீதி நாளெல்லாம் திருப்பி ஏசித் தீர்த்துக்கொண்டார் என்றேன். உம்மா கண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன், பிறகு அது அழுகையாகிவிட்டது.

எப்போது வருவேன் என்று எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
கலாராணி

~

மஹியாவ,
கண்டி.
07.04.2024

அன்புள்ள கலா,

‘திரு.’ போட்டு எழுதியிருந்தாய். வாங்கிக்கொண்டேன்.

நீ வேண்டாம் என்று சொன்னதைச் செய்துவிட்டேன். இன்று காலை அஸ்ஃபரிடம் போய்ப் பெட்டியிலிருந்து பதினொரு உறைகளை எடுத்துக்கொண்டு கலஹா வழியாகப் போகும் தெல்தோட்டை பஸ்ஸில் ஏறினேன். உன் கை இல்லாவிட்டாலும் உன் வீட்டுக் கை என்று வைத்துக்கொள்.

லயத்துக்குள் நான் பையும் பட்டியலுமாக நுழைந்ததும் ஒரே ஓட்டம். அரசாங்கம் ஏழைகளுக்குக் கொடுக்கும் அஸ்வெசும கொடுப்பனவுக்கு யார் தகுதி என்று கணக்கெடுக்க வந்த ஆள் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு அம்மா டீவியின் மேல் சேலையைப் போட்டு மூடிவிட்டு, “எங்ககிட்ட ஒண்ணும் இல்லங்க சேர், பாத்துக்குங்க” என்றார். மூடிய சேலைக்குள்ளே யாரோ வசனம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உறையைத் திறந்து படத்தைக் காட்டினேன். அவர் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். “இது நானா? இம்புட்டு வயசாயிருச்சா எனக்கு” என்று சொல்லிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டுதான் படத்தை வாங்கினார்.

எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி. “படக்காரம்மா தானே கொண்டாந்து தாறேன்னு சொன்னாங்க, நீங்க யாரு?” நான் அவருடைய வீட்டுக்காரர் என்றேன். “அவங்க எப்ப வருவாங்க?” என்றார்கள். பதினொரு வீட்டில் பதினொரு தேத்தண்ணி குடித்து வயிறு ஊதிப்போய் வந்தேன்.

கல்யாணமாகிப் பதினேழு வருஷம். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போகிறாய் என்று இன்றைக்குத்தான் பார்த்திருக்கிறேன். பத்திரிகை வாசித்ததற்கு மன்னித்துக்கொள்.

மற்ற உறைகளையும் நானே கொடுக்கிறேன், விடு.

உன்
கிருஷ்ணராஜ்

~

குச்சவெளி.
16.06.2024

அன்புள்ள உங்களுக்கு,

நாளைக்கு ஹஜ்ஜுப் பெருநாள். உம்மா வீட்டில் காலையிலிருந்து எண்ணெய்ச் சட்டி இறங்கவில்லை. எனக்கும் ஒரு தட்டு வந்தது, எழுதும் தாளில் எண்ணெய் பட்டிருந்தால் அதுதான் காரணம்.

டீவியை மூடிய கதையை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “உன்ட மாப்புள நல்ல மனிசன்தானே, மறுகா என்னத்துக்குப் புள்ள இஞ்ச கிடந்து காயிறாய்?” என்று கேட்டார். நான் எழும்பிப் போய்த் தட்டைக் கழுவினேன்.

வேலை இருக்கிறது. முஸ்லிம் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுக்க ஒரு பெண் வேண்டும், இந்தக் கரையில் அப்படி ஆள் குறைவு. ஒரு வீட்டில் எடுத்தால் அந்த வீட்டுக்கு வந்தவர்கள் அடுத்த வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். கிண்ணியா, மூதூர், காத்தான்குடி என்று போய்க்கொண்டிருக்கிறேன். போன கிழமை புத்தளம்வரை போனேன். தொரையைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று கொண்டக்டர் நின்றார், அதனால் இப்போது மீன் லொறிகளோடு பழக்கம். ஐஸ் பெட்டிக்கும் எனக்கும் நடுவில் தொரை உட்கார்ந்து வருகிறான். அவனிடம் மீன் வாடை, என்னிடம் நாய் வாடை, கல்யாண வீட்டில் அத்தர் பூசித்தான் உள்ளே விடுகிறார்கள்.

தொரை மாறிவிட்டான். அலையைப் பார்த்துக் குரைப்பதை விட்டுவிட்டு, நண்டு வளைகளைத் தோண்டிக்கொண்டு திரிகிறான். மலையில் பிறந்தது அவனுக்கு மறந்துகொண்டு வருகிறது. எனக்கு மறக்கவில்லை. விடிய எழும்பினால் ஹந்தானைக் குளிரைத் தேடுகிறேன். கதவுக்கு வெளியே உங்கள் செருப்புச் சத்தத்தையும் தேடுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். நான் அன்று உப்புநீர்க் களப்பில் மட்டி எடுக்கும் பெண்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன் என்று தெரியும்தானே. இடுப்பளவு தண்ணீர். போனைப் பையில் போட்டுக் கரையில் வைத்திருந்தேன். அந்த இடத்தில் ஒரு மணல் மேடு இருக்கிறது, அதில் ஏறினால்தான் சிக்னல் வரும். காலை ஏழு மணிக்கு, எட்டு மணிக்கு, ஒன்பது மணிக்கு, எப்போதாவது ஒரு தடவை ஏறிப் பார்த்திருந்தால் நீங்கள் எடுத்த கோல் எனக்குக் கிடைத்திருக்கும். பின்னேரம் நாலு மணிக்கு அம்மாவைத் தூக்கும்போது வந்து சேர்ந்திருப்பேன். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று நான் ஏறவில்லை. வெளிச்சத்துக்காக அம்மாவை விட்டேன்.

இப்போது தினமும் ஏறுகிறேன். எதற்கு என்று கேட்காதீர்கள். தொரையும் பின்னால் ஏறி வந்து உட்கார்ந்துகொள்கிறான்.

அன்புடன்,
கலா

~

மஹியாவ,
கண்டி.
14.07.2024

அன்புள்ள கலா,

கடிதம் கிடைத்தது. அந்த மேட்டில் ஏறுவதை விடு. உன்னில் ஒரு பிழையும் இல்லை. சிக்னல் இல்லாத இடத்தில் யார்தான் என்ன செய்ய முடியும். அதைப் பற்றி இனி யோசிக்காதே.

இங்கே மழை. அடுத்த மாதம் பெரஹரா ஊர்வலம், அதனால் ரோட்டைக் கொத்திப் போட்டிருக்கிறார்கள், தண்ணீர்க் குழாய் முறைப்பாடுகள் என் மேசையில் ஒரு சாண் உயரம். இன்னும் ஐந்து உறைகள் கொடுத்துவிட்டேன்.

மறுபடியும் சொல்கிறேன், உன் பிழை இல்லை.

கிருஷ்ணராஜ்

~

குச்சவெளி.
08.09.2024

அன்புள்ள உங்களுக்கு,

ஐந்து வரியில் கடிதம் எழுதுகிற ஆளுக்கு நான் ஐந்து பக்கம் எழுத வேண்டுமா என்று இரண்டு மாதம் கோபத்தில் இருந்தேன். முடியவில்லை, எழுதுகிறேன்.

நீங்கள் ஒருமுறை இங்கே வாருங்கள். கடல் இப்போது தட்டையாகக் கிடக்கிறது, இன்னும் ஒரு மாதத்தில் மழை தொடங்கினால் இப்படி இருக்காது. விடியற்காலை கரைவலை இழுக்கும்போது தொரை ஆட்களோடு நின்று கயிற்றைக் கவ்வி இழுக்கிறான். அவனுக்கும் பங்கு என்று இரண்டு சின்ன மீனைத் தூக்கிப் போடுகிறார்கள். நான் கரையில் உட்கார்ந்து பார்க்கிறேன். பக்கத்தில் நீங்கள் இருந்து, மணல் காற்சட்டையில் ஒட்டுகிறது என்று முணுமுணுத்தால் எப்படி இருக்கும் என்று நினைக்கிறேன். தினமும்தான் நினைக்கிறேன்.

நான் அங்கே வர வேண்டும் என்று நீங்கள் நினைப்பது தெரியும். வந்தால் ஹந்தானைக்குப் போக வேண்டும். அம்மாவின் குழிமேட்டில் நிற்க வேண்டும். கருமாதிக்கு வந்தபோது ஆட்கள் சூழ இருந்தார்கள், கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டேன். தனியாக நின்றால் என்ன சொல்வேன்? வெளிச்சம் நல்லா இருந்துச்சும்மா என்றா?

இன்னொன்று. அன்று எடுத்த படங்களை நான் இதுவரை திறக்கவில்லை. களப்பில் இருந்தவர்கள் ஏழு பேர். அதில் இருவர் என்னைக் கண்டால் கேட்கிறார்கள், “தங்கச்சி, எங்கட படம் எங்க?” என்று. அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்கிறேன். கொடுக்காமல் போன அந்த வெள்ளைக்காரர்களை வாழ்நாள் முழுக்கத் திட்டினேன். இப்போது இந்தப் பெண்களைக் கண்டால் நானே வேறு ஒழுங்கையால் போகிறேன்.

உங்களைத் தவிர யாரிடம் இதைச் சொல்ல. வருவீர்களா?

உங்கள்
கலா

~

மஹியாவ,
கண்டி.
17.11.2024

அன்புள்ள கலா,

வருவீர்களா என்று கேட்டு நீ எழுதி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. லீவு கிடைக்கவில்லை என்று நாலு தடவை எழுதினேன். நாலையும் கிழித்துவிட்டேன். லீவு இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை கடைசி உறையைக் கொடுக்கத் தெல்தெனியாவுக்கு அப்பால் போனேன். விக்டோரியா அணைத் தண்ணீர் தெரிகிற மேட்டில் வீடு. சுந்தரலிங்கம் என்று எழுதியிருந்தாய். அவரும் மனைவியும் வாசலில் நின்ற படம். மனைவி ஆவணியில் இறந்துவிட்டாராம். படத்தை வாங்கியவர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். மகள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். வர விடவில்லை. அடுத்து அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“வெள்ளி ராத்திரிதான் போன் பேச விடுவாங்க அந்த வீட்டுல. அவ தாயப் பாக்காம எடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டேன். அதுனால அடக்கம் சனிக்கெழமைக்குப் போயிருச்சு. ஆளுங்க வேணாம்னாங்க. குஞ்சு ஒண்ணக் கட்டிக்குவோம்னேன். வீடியோ போட்டு, போனப் பொட்டிக்கு நேரா ஒன்றர மணித்தியாலம் புடிச்சிக்கிட்டு நின்னேங்க. கை மரத்துப்போச்சு. அழுது முடிக்கட்டும்னு விட்டுட்டேன்.”

சொல்லிவிட்டு அந்தக் கையை எனக்குக் காட்டினார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி வந்துவிட்டேன்.

கலா, அன்று நான் உனக்குக் கோல் எடுக்கவில்லை.

காலை ஐந்தரைக்குப் அத்தையின் பக்கத்து லயத்துக் கஜலட்சுமி எனக்குப் போனில் சொன்னாள். ஆறரைக்கு ஹந்தானையில் இருந்தேன். தலைவர் வந்து, “மகளுக்குச் சொல்லியாச்சா தம்பி? நாளைக்குச் சனி. வைக்கிறதா எடுக்கிறதா, நீங்க சொல்றபடி செய்வோம்” என்று கேட்டார். போன் என் சட்டைப் பையில் இருந்தது. லைன் கிடைக்கவில்லை என்றேன். பத்து மணிக்கு மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். ஒரு தடவைகூட உன் நம்பரை அழுத்தவில்லை. எல்லாம் முடிந்து, குளித்து, வீட்டுக்கு வந்த பிறகு ஆறு பத்துக்குத்தான் முதல் தடவையாக எடுத்தேன். உடனே கிடைத்தது.

நீ மேட்டில் ஏறியிருந்தாலும் ஒன்றும் வந்திருக்காது. நாள் முழுக்க அங்கேயே நின்றிருந்தாலும் வந்திருக்காது.

ஏன் என்று கேட்பாய். முதல் நாள் பின்னேரம் நீ கோல் எடுத்து, வேலை இன்னும் ஒரு கிழமை நீளும் என்று சொன்னாய். நான் பேசாமல் வைத்துவிட்டேன். ஒன்றரை மாதமாகக் கந்தோர் விட்டதும் சோற்றுப் பார்சலோடு மலை ஏறியவன் நான். அத்தையைத் தூக்கி உட்கார வைத்து, வாய் துடைத்து, எல்லாம் செய்தேன். நான் கதவைத் திறக்கும்போதெல்லாம், “கலா வந்துருச்சா?” என்றுதான் கேட்பார். ஒரு நாளாவது என் பேரைச் சொல்ல மாட்டாரா என்று இருந்தது. சின்னப் பிள்ளைத்தனம்தான். ஆனால் அந்தக் காலையில் அவருடைய முகத்தைப் பார்த்தபோது எனக்கு உன்மேல் ஆத்திரம்தான் வந்தது. நீ இல்லாமலே எல்லாம் நடக்கும் என்று உனக்குக் காட்ட நினைத்தேன். காட்டினேன். அன்று மாலையே அது எவ்வளவு பெரிய பாவம் என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு சொல்லப் பயந்தேன். நீ உன்னையே குற்றம் சொல்லி எழுதியபோதுகூட, ஆடி மாதம், எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் நீ வர மாட்டாய். சொல்லாவிட்டால் வருவாய் என்று ஒரு நப்பாசை.

இனி நீ வர மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். அந்த ஏழு பேருடைய படங்களைக் கொடுத்துவிடு. அது உன் பிழை இல்லை.

தை மாதத்தில் அத்தையின் வருஷத் திதி ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை வருகிறது என்று கோவிலில் கேட்டு வைத்திருக்கிறேன்.

கிருஷ்ணராஜ்

~

குச்சவெளி.
20.12.2024

கிருஷ்ணராஜ்,

உங்கள் கடிதம் மழையோடு வந்தது. நனைந்த உறையை உம்மா அடுப்படியில் காயவைத்துத் தந்தார்.

முதல் தடவை வாசித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. மூச்சு வந்தது. பத்து மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனமாதிரி இருந்தது. அப்படியே கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டேன், பட்டப்பகலில்.

மாலைக்குள் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு கோபம் எனக்குள் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. தொரையை ஏசினேன், பாத்திரத்தைப் போட்டு உடைத்தேன். உம்மா வந்து என்ன என்று கேட்டார். சொல்லவில்லை. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

அம்மா என் பேரைச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கதவைத் திறக்கும்போதெல்லாம் கேட்டார் என்று. இதையாவது அப்போதே சொல்லியிருக்கலாமே. அதற்கு ஒரு கோல் எடுத்திருக்கலாமே.

நீங்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்டதை நான் மறக்கவில்லை. ஒன்றரை மாதம். நான் செய்ய வேண்டியது. அதற்கு நன்றி என்று ஒருநாளும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். மற்றதை இது கழிக்காது. அதையும் சொல்கிறேன்.

படங்களைத் திறந்தேன். நல்ல படங்கள். திருகோணமலையில் பிரிண்ட் போட்டு ஏழு பேருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு அக்கா, “இவ்வளவு நாள் எங்க வச்சிருந்தாய்?” என்று ஏசினார். வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 21ஆம் தேதி நான் ஹந்தானைக்கு வருவேன். நீங்கள் வர வேண்டாம். அன்று நான் இல்லாமல் நடந்தது, இது நீங்கள் இல்லாமல் நடக்கட்டும். பூசாரியிடம் நானே பேசிக்கொள்கிறேன், கஜலட்சுமியக்காவுக்கும் சொல்லிவிட்டேன். மருமகன் எங்கே என்று லயத்தில் கேட்டால் உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கு நீங்கள் கந்தோரில் இருங்கள். மலைப்பக்கம் வரக்கூடாது. தூரத்தில் நின்று பார்ப்பதும் கூடாது.

அதற்குப் பிறகு என்ன என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

கலா

~

மஹியாவ,
கண்டி.
23.01.2025

அன்புள்ள கலா,

நீ சொன்னபடி செய்தேன். 21ஆம் தேதி காலை எட்டு மணிக்கே கந்தோரில் இருந்தேன். என் மேசைக்கு நேரே உள்ள ஜன்னலில் ஹந்தானை தெரியும், உனக்கும் தெரியும் அது. கதிரையைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தண்ணீர்க் கட்டணப் பட்டியல் பிழை என்று சண்டை பிடிக்க வந்த ஒருவர், “என்ன ஐயா, சுவரப் பாத்துக்கிட்டு வேல செய்றீங்க” என்று கேட்டார். கண் கூசுகிறது என்றேன். பத்தரைக்கு இலை போட்டிருப்பாய், பதினொன்றுக்குக் குழிமேட்டில் நின்றிருப்பாய் என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உனக்கு அழக் கிடைத்ததா, ஆட்கள் உன்னைத் தனியாக விட்டார்களா, ஒன்றும் தெரியாது. கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

நாலரைக்கு வீட்டுக்கு வந்தேன். பூட்டு பூட்டியபடி இருந்தது. உள்ளே கால் வைத்ததும் நின்றுவிட்டேன். நிலத்தில் சிவப்பு மண், தொரையின் கால் தடம், ஹோலிலிருந்து குசினிவரைக்கும், குசினியிலிருந்து அறைக்கும். நீ வந்திருக்கிறாய்.

நீ தேத்தண்ணி போட்டுக் குடித்திருக்கிறாய். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாய், இன்னும் ஈரம் காயவில்லை. கட்டிலில் உன் பக்கத்துத் தலையணை பள்ளமாக இருந்தது. கொஞ்ச நேரம் படுத்திருக்கிறாய். அலுமாரியைத் திறந்து பார்த்தேன், மன்னித்துக்கொள். உன் சேலைகளில் இரண்டு இல்லை, உன் கறுப்புக் குளிர்ச்சட்டை இல்லை. மற்றதெல்லாம் மடித்தபடியே இருக்கிறது. எடுத்துப் போனதைப் பார்ப்பதா, விட்டுப் போனதைப் பார்ப்பதா என்று தெரியாமல் அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு துண்டுகூட எழுதி வைக்கவில்லை. மேசை, டீவிக்குக் கீழே, தலையணைக்கு அடியில், எல்லா இடமும் தேடினேன்.

கந்தோரிலிருந்து வீடு இருபது நிமிஷ நடை. நீ இங்கே படுத்திருந்த நேரத்தில் நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்திருக்கிறேன். அதை நினைத்தால் தாங்க முடியவில்லை. ஆனால் நீ வந்தது, நான் அங்கே இருப்பேன் என்று நம்பித்தானே. இந்த ஒரு வருஷத்தில் என்னை நம்பி நீ செய்த ஒரே காரியம் அது. அந்த நம்பிக்கையை நான் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டு நாளாக நான் வீடு கூட்டவில்லை. மண் காய்ந்து உதிர்கிறது.

உன்னை வா என்று கூப்பிட மாட்டேன். அந்த வார்த்தையை நான் இழந்துவிட்டேன். உன் வீடு, உன்னிடம் சாவி இருக்கிறது, நினைத்தபோது வந்து படுத்துப் போ. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். பதில் போட விருப்பம் இல்லாவிட்டால் போட வேண்டாம், போடும்வரைக்கும் நான் பகலில் வீட்டுப் பக்கம் வரமாட்டேன்.

அடுத்த தடவை நீ வரும்போது நான் வீட்டில் இருக்கலாமா?

கிருஷ்ணராஜ்